மூடிய கதவுக்கு முழு மதிப்பெண்

ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்கேல் என்பார்கள். நோட்டில் தலைப்புக்கு அடியில் கோடு போடக்கூட ஸ்கேல் எடுப்பான். நிற்பதும் அப்படித்தான். இரண்டரை வருடத்தில் அவன் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கத்தைப் பார்த்தவர் கிடையாது. இப்படி ஒருவன் பக்கத்துக் கட்டிலில் இருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். வந்தது. ஆனால் தேர்வு நெருங்கினால் அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு இரவல் கேட்டு வந்தது அவன் நோட்டைத்தான்.

அன்று இறுதித் தேர்வு. எழுதுகிற தேர்வு இல்லை, ஆடுகிற தேர்வு. மேஜைமேல் வரைபடம் விரித்து, அட்டை வில்லைகளைப் படைகளாக நிறுத்தி, என்றோ நடந்து முடிந்த ஒரு சண்டையை மாணவர்கள் மறுபடி நடத்த வேண்டும். மேஜைப்போர் என்று அதற்குப் பெயர். முதலாவதாக வருகிறவன் தனக்கு வேண்டிய படைப்பிரிவைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் தள்ளிவிட்ட இடத்தில் போய் விழ வேண்டியதுதான்.

ஸ்கேல் எந்தப் பிரிவைக் கேட்கப்போகிறான் என்பது அவனுக்குப் பதினைந்து வயதிலேயே முடிவாகியிருந்தது. பொறியாளர் படை. பாலம் கட்டுவதும் பாலம் தகர்ப்பதும் அவர்கள் வேலை. அவன் அப்பா அங்கேதான் கேப்டனாக இருந்தார். அங்கிருந்துதான் அவரைச் சீருடையைக் கழற்றச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்போது ஸ்கேலுக்கு நடை பழகுகிற வயது. பத்திரிகையில் இரண்டே வரி வந்ததாம்: பாலம் தகர்ப்பில் சொந்த வீரர்கள் பலி, கேப்டன் பதவி நீக்கம். இடையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. விசாரணைக் கோப்புக்கு அரக்கு வைத்துவிட்டார்கள். அதனால் ஊரே உட்கார்ந்து முடிச்சுப் போட்டது. எதிரியைக் கண்டதும் கை நடுங்கி, அக்கரையில் சொந்த ஆட்கள் நிற்கும்போதே வெடிவைத்துவிட்டு ஓடிவந்தவன் என்று. ஊர் முடிச்சுப் போட்டால் அவிழ்க்க யாரால் முடியும்? பள்ளிக்கூடத்தில் ஒருவன் அதைக் கழிப்பறைச் சுவரிலேயே எழுதினான். ஸ்கேல் நேரே வீட்டுக்குப் போய்க் கேட்டான்.

"நீங்கதான் பாலத்துக்கு வெடி வச்சீங்களா?"

அப்பா அப்போது லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ். துணியில் துடைத்துக்கொண்டே, "ஆமாடா" என்றார்.

"ஆளுங்க அந்தப் பக்கம் இருக்கும்போதா?"

"ஆமா."

அவ்வளவுதான். ஒரு சமாதானம், ஒரு சாக்கு, ஒரு பெருமூச்சு, எதுவும் இல்லை. அன்றிலிருந்து அப்பாவும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். கல்லூரிக்குக் கிளம்பிய அன்று பேருந்து நிலையம் வரை பெட்டி தூக்கி வந்தவரிடம் இவன் சொன்னான்: "நான் உங்களை மாதிரி இருக்க மாட்டேன்." அவர் தலையை ஆட்டினார். பெட்டியை மேலே ஏற்றி, விழாமல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மேஜைப்போருக்கு வருவோம்.

மொத்தம் மூன்று அறைகள். நடு அறையில் பெரிய வரைபடமும் நடுவரும். இடப்பக்கம் ஒரு அணி, வலப்பக்கம் எதிரணி. நடு அறையில் இருப்பது முழுதும் நடுவருக்கு மட்டும்தான் தெரியும். ஆடுகிறவனுக்கு அவன் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது எதுவோ அதுமட்டும். சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகத் துண்டுச் சீட்டில் செய்தி வரும். பதில் உத்தரவைக் கார்பன் வைத்து எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டு அதே ஜன்னலில் கொடுக்க வேண்டும். மேலே ஒரு கடிகாரம். உள்ளே இயந்திரம் கிடையாது. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை எழுத்தர் வந்து விரலால் முள்ளைப் பத்து நிமிடம் தள்ளிவிட்டுப் போவார்.

நடுவர் ஒரு பெண் மேஜர். அதட்ட மாட்டார், சிரிக்கவும் மாட்டார். மதிப்பெண்ணை மட்டும் கறாராகப் போடுவார். ஒரு வாரம் முன்பே அறிவித்திருந்தார்: நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கோட்டைச் சண்டை. நம் படை பின்வாங்குகிறது. கோட்டைக்கு ஒரே கதவு. உங்கள் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதவின் பொறுப்பு. பிற்பகல் இரண்டு மணிக்குக் கதவை அடைத்து, உள்ளே கல்மூட்டை அடுக்கிவிட வேண்டும். அதற்கு முன்பே எதிரி கண்ணில் பட்டால் அப்போதே அடைக்கலாம். ஒருமுறை அடைத்தால் திறக்க முடியாது. வெளியே இன்னும், எதிரியைத் தடுத்தபடி கடைசியாக வரும் ஒரு பின்காவல் குழு இருக்கிறது. இருபத்தாறு பேர்.

ஸ்கேல் சும்மா இருப்பானா? நூலகத்துக்குப் போய் மூன்று நாள் புழுதியைத் தின்றான். நான்காம் நாள் கிடைத்துவிட்டது. தடித்த புத்தகம், அதில் இதே மாதிரி மதில், இதே மாதிரி ஒற்றைக் கதவு. அந்தச் சண்டையில் கதவுக்காவல் தளபதி தன் ஆட்களுக்காகக் காத்திருந்தான். ஓடிவந்த ஆட்களோடு கலந்து எதிரியும் உள்ளே நுழைந்துவிட்டான். ஊரே சாம்பல். ஸ்கேல் புத்தகத்தை மூடியபோதே தேர்வு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காத்திருந்தவன் தோற்றான், ஆகவே காத்திருக்கக் கூடாது. கொஞ்சமும் கூடாது.

அவனுக்கு உதவியாளனாக வந்தவன் அறைத்தோழன். வகுப்பில் எப்போதும் தூங்குவதால் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்து, பிறகு அதையும் சுருக்கி மூஞ்சி என்று ஆக்கியிருந்தார்கள். அன்று மட்டும் அவன் தூங்கவில்லை.

கடிகாரத்தில் ஒன்று நாற்பது. முதல் சீட்டு வந்தது: எதிரி இல்லை. எழுத்தர் வந்து முள்ளைத் தள்ளினார். ஒன்று ஐம்பது. இரண்டாவது சீட்டு: தெற்கே புழுதி தெரிகிறது, யார் என்று தெரியவில்லை.

ஸ்கேல் பேனாவை எடுத்தான்.

"டேய், இரு. என்ன எழுதற?" என்றான் மூஞ்சி.

"கதவை அடைக்கச் சொல்றேன்."

"யாருன்னே தெரியலைன்னு போட்டிருக்குடா. நம்ம ஆளுங்களா இருந்தா?"

"எதிரியா இருந்தா?"

"ஒரு ஆளை மதில்மேல ஏத்திப் பார்க்கச் சொல்லு. ஒரு சீட்டுதானே. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"மூஞ்சி, இதுல எப்படித் தோத்தாங்கன்னு எனக்குத் தெரியும். நீ தூங்கு."

"இருபத்தாறு பேருடா."

ஸ்கேல் தங்கள் மேஜைமேல் கொடுத்திருந்த சின்ன வரைபடத்தில் மதிலுக்கு வெளியே இருந்த அந்த ஒற்றை வில்லையைப் பார்த்தான். நகக்கண் அளவு. நீல நிறம், ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது. "அட்டைடா" என்றான். எழுதினான்: கதவை உடனே அடைக்கவும், கல்மூட்டை அடுக்கவும், எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. நேரம் ஒன்று ஐம்பது. அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கையெழுத்து. எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுத்து அழகாகத்தான் இருந்தது.

அதன்பிறகு அவனுக்கு வேலையே இல்லை. ஜன்னலில் இன்னும் நான்கு சீட்டுகள் வந்தன. கதவுக்கு வெளியே சத்தம் கேட்கிறது. கதவைத் தட்டுகிறார்கள். எதிரியின் குதிரைப்படை வந்துவிட்டது. கடைசிச் சீட்டில் ஒரே சொல்: அமைதி. மூஞ்சி அந்த நான்கையும் மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்துகொண்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் கூடத்தில் கூட்டினார்கள். மேஜர் முடிவைப் படித்தார். ஸ்கேல் முதலிடம்.

"ஊர் தப்பிச்சது. உள்ளே இருந்த கிடங்கும் தப்பிச்சது. இழப்பு இருபத்தாறு. முப்பதுக்குள்ள இருந்தா மார்க் குறைக்கறதில்லை. முழு மதிப்பெண்." பிறகு அதே குரலில் சொன்னார்: "அந்தப் புழுதி எதிரி இல்லை. உங்க பின்காவல் குழுதான். குதிரைப்படை அதுக்கு அரை மணி பின்னால. ஆனா அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை, அதனால அதுக்கும் குறைக்கலை."

கைதட்டினார்கள். ஸ்கேலும் கொஞ்சம் சிரித்தான். ஏன் மறைக்க வேண்டும், அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இப்ப ஒரு விஷயம்" என்றார் மேஜர். "உங்கள்ல சில பேர் நூலகத்துல உட்கார்ந்து விடை தேடினீங்கன்னு எனக்குத் தெரியும். போன வருஷமும் அப்படித்தான். அதனால இந்தத் தடவை நான் சண்டைக்கு வேஷம் போட்டுட்டேன். இது கோட்டையே இல்லை. நூத்தைம்பது வருஷமும் ஆகலை."

வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அதன்மேல் டிரேசிங் தாள் ஒன்றை விரித்தார். மதில் இருந்த இடத்தில் அச்சாக ஒரு ஆறு உட்கார்ந்தது. கதவு இருந்த இடத்தில் ஒரு பாலம்.

"குதிரைப்படைன்னு நான் சொன்னது டாங்கிகள். கல்மூட்டைன்னு சொன்னது வெடி. இருபது வருஷம் மூடி வச்சிருந்த விசாரணைக் கோப்பு இது. இப்பதான் பாடத்துக்குன்னு திறந்து கொடுத்தாங்க."

தாளின் ஓரத்தில் ஆற்றின் பெயர் எழுதியிருந்தது. ஸ்கேலின் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. அவன் அதை இரண்டு முறை படித்தான். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தான்.

மேஜர் படித்துக்கொண்டிருந்தார். பாலத்தின் பொறுப்பு ஒரு கேப்டனிடம் இருந்தது. பெயர் சொல்லவில்லை, சொன்னாலும் அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் அது யார் என்று தெரிந்திருக்காது. இரண்டு மணிக்குப் பாலத்தைத் தகர்க்க உத்தரவு. அவர் தகர்க்கவில்லை. பின்காவல் குழு வருகிறதா என்று பார்க்க மூன்று முறை ஆள் அனுப்பினார். பிறகு அவரே பாலத்தின் நடுவரை நடந்துபோய் நின்றார். இரண்டு முப்பத்தெட்டுக்கு, முதல் டாங்கி அக்கரையைத் தொட்டபோது, திரும்பி வந்து பாலத்தைத் தகர்த்தார். அதற்குள் பின்காவல் குழுவில் ஏழு பேர் இக்கரை சேர்ந்தார்கள். பத்தொன்பது பேர் சேரவில்லை. காத்திருந்த நேரத்தில் விழுந்த குண்டில் வெடிக்குழுவினர் இருவர் செத்தார்கள்.

"குற்றச்சாட்டு என்னன்னு யாராவது சொல்லுங்க" என்றார் மேஜர்.

"சொந்த ஆளுங்களைக் கொன்னது, மேடம்" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"இல்லை. தாமதம். முப்பத்தெட்டு நிமிடத் தாமதம். அதுக்குத்தான் பதவி போச்சு. ஏன் காத்திருந்தீங்கன்னு விசாரணையில கேட்டிருக்காங்க. அவர் சொன்ன பதில் ஒரே வரி." மேஜர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "'ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒருத்தன் வர்றது தெரிஞ்சுது.'"

"சென்டிமென்ட் பார்ட்டி!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது. மூஞ்சி சிரிக்கவில்லை.

இத்தனை வருடமாக ஸ்கேல் வெறுத்துக்கொண்டிருந்தது ஊர் கட்டிவிட்ட ஓர் ஆளை. நிஜ ஆள் முப்பத்தெட்டு நிமிடம் நின்றிருக்கிறார், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது, பாலத்தின் நடுவில். ஊர் சொன்ன அந்த ஆள், எதிரியா என்றுகூடப் பார்க்காமல் சொந்த ஆட்களை வெளியே விட்டவன், அவன் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறான். அதுவும் பயத்தில் செய்யவில்லை. பயத்தில் செய்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். உங்களை மாதிரி இருக்க மாட்டேன் என்று பேருந்து நிலையத்தில் சொன்னான் அல்லவா, சொன்னபடியே ஆகிவிட்டான்.

"முதல் மாணவர் எழுந்திருங்க" என்றார் மேஜர். "அனுபவமுள்ள ஒரு கேப்டனால முடியாததை நீங்க பத்து நிமிஷம் முன்னாலயே செஞ்சீங்க. எப்படி யோசிச்சீங்கன்னு மத்தவங்களுக்குச் சொல்லுங்க."

அவன் எழுந்தான்.

"நான் யோசிக்கவே இல்லை, மேடம்."

தன்னடக்கம் என்று நினைத்து மறுபடி கைதட்டினார்கள்.

மாணவர்கள் கைபேசி வைத்திருக்கக் கூடாது. சனிக்கிழமை பிற்பகல்களில் கேன்டீன் பக்கத்தில் உள்ள மூன்று கண்ணாடிக் கூண்டுகளில் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசலாம். அன்று சனிக்கிழமை. வரிசையில் நிற்கும்போதே ஸ்கேல் சொல்லவேண்டியதை மனத்துக்குள் கோர்த்துக்கொண்டான். மன்னிச்சிடுங்கப்பா. எனக்குத் தெரியாதுப்பா. உங்களை நினைச்சாப் பெருமையா இருக்குப்பா. மூன்று வாக்கியம். மனப்பாடம் செய்வது அவனுக்குக் கைவந்த கலை.

வழக்கமாக அம்மாதான் எடுப்பாள். அன்று பார்த்து அப்பா எடுத்தார்.

"அம்மா கடைக்குப் போயிருக்காடா. வந்ததும் பண்ணச் சொல்லவா?"

"இல்லப்பா. உங்ககிட்டதான்."

"சொல்லு. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இன்னைக்குத் தேர்வு. உங்க பாலத்தை வச்சாங்க. எனக்குத் தெரியாது. கோட்டை, கதவுன்னு மாத்தி வச்சிருந்தாங்க. கோப்பைத் திறந்துட்டாங்கப்பா. எல்லாம் படிச்சாங்க."

"ஓ" என்றார் அப்பா. அவ்வளவு வருடத்துக்கும் சேர்த்து அந்த ஒரு எழுத்து. பிறகு கேட்டார்: "நீ என்ன பண்ணே?"

"அடைச்சுட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணு ஐம்பது."

"எத்தனை பேரு வெளியில?"

"எல்லாரும்ப்பா. இருபத்தாறும்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மார்க் கொடுத்தாங்களா?"

"முதலிடம்."

"சரிதான். அப்படித்தான் செய்யணும். நான் நின்னதால என் குழுப் பசங்க ரெண்டு பேரு போனாங்க. ஒருத்தனுக்கு அப்பதான் கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு."

"அப்பா, நீங்க ஏன் சொல்லலை? ஊரே உங்களை… நான்கூட… ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? நான் அரை மணிக்கு மேல நின்னேன்னா? அந்தப் பத்தொன்பது பேரும் பாலத்தைப் பார்த்துதான்டா ஓடி வந்துட்டிருந்தாங்க. நீங்கதான் வெடி வச்சீங்களான்னு கேட்டே. வச்சேன். அதுல பொய் ஒண்ணுமில்லை."

ஸ்கேல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். அழுகை வந்தது. அடக்கவில்லை. கூண்டுக்கு வெளியே நின்றவன் கடிகாரத்தைக் காட்டினான்.

"அந்த ஏழு பேரு?" என்றான் ஸ்கேல். "அவங்களுக்காவது தெரியும்ல?"

"அதுல ஒருத்தன் வருஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். அந்தத் தேதியில. நான் எடுக்க மாட்டேன்."

"ஏன்ப்பா?"

"எடுத்தா நன்றி சொல்லுவான்டா."

கோர்த்து வைத்திருந்த மூன்று வாக்கியங்களும் ஸ்கேலின் வாயருகே வந்து நின்றன. பெருமை என்ற சொல்லை இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? மன்னிப்பு என்ற சொல்லைத்தான் எப்படி? சொன்னால் இவரும் போனை வைத்துவிடுவார் என்று அவனுக்குப் பயமாக இருந்தது. பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் அவர் அவனிடம் பேசியதே இல்லை.

"ஏதோ சொல்ல வந்தியே" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. சாப்ட்டீங்களா?"

"இனிமேதான். இப்பதான் வேலையிலிருந்து வந்தேன். அம்மா மூடி வச்சிட்டுப் போயிருக்கா."

"சாப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"எதுக்குடா? உனக்கு நேரம் ஆகலையா?"

"ஆகட்டும்ப்பா. நீங்க சாப்பிடுங்க."

போனை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. குழாய் திறந்தது, அவர் கை கழுவினார், கிரீஸ் போகும்வரை வெகுநேரம். நாற்காலி இழுபட்டது. தட்டின் மூடியை எடுத்தார். வெளியே நின்றவன் கண்ணாடியை ஒருமுறை தட்டினான், பிறகு பலமாக இரண்டுமுறை தட்டினான். ஸ்கேல் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றான்.